ஃபிட்னஸ் செயலியை சைடு ப்ராஜெக்டாக எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஒரு செயலி யாருக்கு, அதில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்குத் தயாராகும் பலர் முதலில் கையில் எடுப்பது ஃபிட்னஸ் செயலிதான். நல்ல தேர்வு. டேட்டா போனிலேயே இருக்கிறது, முயன்று பார்க்க நண்பர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலரும் இதைக் கோடிங் பயிற்சியாகவே செய்து முடித்துவிடுகிறார்கள். யாருக்காகச் செய்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பதைத்தான் நேர்முகத் தேர்வில் தோண்டிக் கேட்பார்கள்.

ஆள் யார் என்று முடிவு செய்யாமல் ஃபீச்சர் பட்டியல் போடுவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. அடிக்கணக்கு (எத்தனை காலடி நடந்தோம் என்பது), கலோரி, தூக்கம், தண்ணீர், நண்பர்களோடு போட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். "உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள்" என்று எழுதினால் யாரையும் குறிப்பிட்டதாகாது. இரவு ஷிப்டில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நள்ளிரவு 12 மணி என்பது வேலையின் நடுப்பகுதி. செயலி அப்போது நாளை முடித்துக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கினால் அவருடைய ஒரே நடை இரண்டு நாளாகப் பிரியும், எத்தனை நாள் விடாமல் செய்தார் என்ற தொடர் கணக்கும் அறுந்துபோகும். ஆளை முடிவு செய்த பிறகுதான் இப்படிப்பட்ட பிரச்சினைகளே கண்ணில் படும்.

அடுத்து, "இப்படி ஒரு செயலி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்பது. நண்பர்கள் எல்லோரும் ஆமாம் என்பார்கள்; அந்த ஆமாமை நம்பி எதையும் கட்ட முடியாது. "கடைசியாக உடற்பயிற்சியை எப்போது விட்டீர்கள்? அந்த வாரம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். கோடிங்கைத் தொடங்கும் முன்பே ஐந்து பேரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, செயலி செய்யப்போகும் வேலையை நீங்களே கையால் செய்து பாருங்கள். நீங்கள் அனுப்பும் நினைவூட்டலுக்கே பதில் வராவிட்டால், நோட்டிஃபிகேஷனுக்கும் வராது.

டேட்டா விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐபோனில் உடல்நல டேட்டாவைச் செயலிகளுக்குத் தரும் ஆப்பிளின் ஹெல்த்கிட் வழியாக அடிக்கணக்கைப் படிக்க யூசர் அனுமதி மறுத்தால், மறுத்துவிட்டார் என்று உங்கள் செயலிக்குத் தெரியவே தெரியாது. டேட்டா இல்லாதது போலத்தான் தெரியும்; அந்தரங்கத்துக்காக ஆப்பிள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. இது தெரியாமல் "இன்று 0 அடிகள்" என்று காட்டினால், காலையில் நன்றாக நடந்துவிட்டு வந்தவருக்கு எப்படி இருக்கும்? "டேட்டா வரவில்லை, அனுமதியைச் சரிபாருங்கள்" என்று ஒரு திரை வையுங்கள். அப்புறம், போனும் வாட்ச்சும் ஒரே நடையைத் தனித்தனியாகப் பதிவு செய்யும். பதிவுகளை அப்படியே கூட்டினால் கணக்கு இரட்டிப்பாகும்; ஹெல்த்கிட்டின் தொகுப்புக் கணக்கைக் கேட்டு வாங்கினால் அதுவே சரிசெய்து தரும். ஆண்ட்ராய்டில் புதிதாகத் தொடங்குபவர்கள் டேட்டா வாங்கப் பழைய கூகுள் ஃபிட் ஏபிஐ (செயலிகள் டேட்டா பெறும் வழி) பக்கம் போகாமல், அதே வேலையைச் செய்யும் ஹெல்த் கனெக்டில் தொடங்குங்கள்.

யோசிக்காமல் தினமும் 10,000 காலடி என்று இலக்கு வைப்பதும் தவறுதான். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஓர் அடிமானியிலிருந்து பரவிய எண் அது, மருத்துவ ஆய்வில் பிறந்தது அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. கணக்கு வாரத்துக்கு என்பதைக் கவனியுங்கள். உங்கள் அளவீடும் அப்படியே இருக்கட்டும். வாரத்துக்கு மூன்று நாள் ஓடுபவர் மற்ற நாள்களில் செயலியைத் திறக்காதது உங்களுக்குத் தோல்வி அல்ல. தினசரி யூசர் எண்ணிக்கையைத் துரத்தினால், ஓய்வு நாளிலும் அவரை நோட்டிஃபிகேஷனால் தொந்தரவு செய்யத் தொடங்குவீர்கள். அவர் செயலியையே அழித்துவிடுவார். காய்ச்சலில் படுத்தவருடைய தொடர் கணக்கை அறுப்பதும் அதே வகைதான்.

சின்ன ப்ராஜெக்ட்தானே என்று அந்தரங்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஓட்டத்தையும் சைக்கிள் பயிற்சியையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி, யூசர்கள் அதிகம் போன தடங்களைக் காட்டி 2017-இல் வெளியிட்ட வெப்ப வரைபடத்தில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் வீரர்கள் ஓடிய தடங்களை வைத்து ராணுவ முகாம்கள் இருக்கும் இடங்கள் 2018 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தன. தேவையில்லாத டேட்டாவை வாங்கவே வேண்டாம். இருப்பிடம் இல்லாமலே செயலி வேலை செய்யும் என்றால் அதைக் கேட்காதீர்கள்.

வெளியீட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பதும் வேண்டாம். 2023 நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், கூகுள் ப்ளேயில் எல்லோருக்கும் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள்கள் சோதனையில் இருக்க வேண்டும். அந்த 12 பேரும் நீங்கள் முடிவு செய்த அதே வகை ஆட்களாக இருக்கட்டும். முதல் வாரம் செயலியைத் திறந்தவர்களில் யார் இரண்டாம் வாரமும் வந்தார்கள், வராதவர் ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். ப்ராஜெக்டை விளக்கி எழுதும் கேஸ் ஸ்டடியில் ஸ்கிரீன்ஷாட்களை அடுக்குவதற்கு முன்னால் அந்தப் பதில்களையும், அதன்பின் நீங்கள் தூக்கியெறிந்த ஃபீச்சர் எது என்பதையும் எழுதுங்கள்.