இயற்கைப் புத்தகம் தேடும்போது திருமலையில் நாம் விடும் பிழைகள்

திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில், பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடத்தில் நின்றால், பங்குனிக்குப் பிறகு கடல் அமைதியாகக் கிடக்கும் சில காலைகளில் தூரத்தே தண்ணீர் வெள்ளையாகப் பீச்சி எழுவது தெரியும். நீலத் திமிங்கிலம். உலகத்திலேயே பெரிய விலங்கு. எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளிடம் திமிங்கிலம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். "அந்தாட்டிக்கா" என்றார்கள். அவர்கள் மேல் பிழையில்லை, புத்தகத்தில் பனிக்கட்டிக்கு நடுவில்தான் படம் போட்டிருந்தது. வாங்கிக் கொடுத்தவன் நான்.

படம் வடிவாக இருக்கிறதென்று தூர தேசத்துப் புத்தகத்தை எடுப்பதுதான் நாம் விடும் முதல் பிழை. இலங்கைப் புத்தகம் என்றாலும் சரியாகிவிடாது. தென்மேற்கில் இருக்கும் சிங்கராஜக் காடும் மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியும் பக்கம் பக்கமாக வரும். வைகாசியில் மழை கொட்டும் என்று எழுதியிருக்கும். இங்கே அப்போது கச்சான் காற்று முகத்தைச் சுடும். (கச்சான் என்றால் கொறிக்கிற கடலை மட்டும்தான் என்று நினைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.) எங்கள் மழை ஐப்பசிக்குப் பிறகு வருவது. அந்த மழையில் நிரம்பும் குளமும், குளத்துக்கு வரும் பறவையும் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு தம்பலகாமத்துப் பிள்ளை எதைப் போய்ப் பார்க்கும்?

அடுத்தது பெயர். சென்னைப் பதிப்புகள் நல்ல தாளில், நல்ல தமிழில் வருகின்றன, வாங்கத்தான் வேண்டும். ஆனால் அப்படியே கையில் கொடுத்துவிடக் கூடாது. அவர்கள் அலையாத்தி என்பது எங்கள் கண்டல். உப்பங்கழி என்பது களப்பு. பவளப்பாறை என்பது முருகைக்கல். தவிட்டுக்குருவி என்பது முற்றத்தில் கூட்டமாகக் கத்தும் புலுனி. முந்திரி என்றால் அங்கே மரமுந்திரிகை, இங்கே முந்திரிகை என்றால் திராட்சை. ஒரு பிள்ளை தவிட்டுக்குருவியைப் பற்றி இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, அது இந்தியாவில் மட்டும் இருக்கும் பறவை என்று நினைத்துக்கொண்டு போனது. யன்னலுக்கு வெளியே ஏழெட்டுப் புலுனி. இப்போது புத்தகம் வந்தவுடன் பென்சிலால் ஓரத்தில் எங்கள் பெயரை எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறேன். நூலகப் புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு, நான் எழுதுவேன்.

பழைய புத்தகங்களில் வேறு ஒரு சிக்கல். ஊர்ப்பெயர் வந்தாலே அது நம் ஊர்ப் புத்தகம் என்று எடுத்துவிடுகிறோம். ஆங்கிலேயக் கடலோடி றொபேட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டது கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கம். 1681இல் லண்டனில் வந்த அவருடைய நூலில் மரம், விலங்கு, நெல் விளைச்சல் எல்லாம் உண்டு. ஆனால் அவர் பத்தொன்பது வருடம் இருந்தது கண்டி இராச்சியத்தில், ஆகவே பெரும்பாலும் அந்தப் பக்கத்து இயற்கைதான் அதில் இருக்கிறது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1957இல் வெளியிட்ட கடலடிப் புத்தகம் அப்படியல்ல, அவர் இந்தக் கடலுக்குள்ளேயே மூழ்கிப் பார்த்தவர். அதிலும் 'அந்தக் காலத்தில் எப்படி இருந்தது பார்' என்று பெருமூச்சு விட்டுவிட்டு மூடினால் பயனில்லை. ஒரு பத்தியைத் தமிழில் சொல்லி, நிலாவெளியில் தோணி விட்ட ஒரு முதியவரிடம் பிள்ளைகள் கேட்கட்டும்: இப்போதும் அப்படியா? பதில் நீளும், நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

செயல்முறைப் புத்தகங்களைக் கட்டாயம் முதலில் நீங்கள் வாசியுங்கள். "சிப்பி சேர்த்து மாலை கோத்துப் பாருங்கள்" என்று ஒரு பக்கம் நிச்சயம் இருக்கும். காலிச் சங்குக்குள் குடியிருக்க ஒரு நண்டு காத்திருப்பதை அந்தப் பக்கம் சொல்லாது. நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவு 2003இல் இருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து செத்த முருகைக்கல் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. அதைவிட அந்தத் தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாவைக் காட்டி, கோயில் கோபுரத்தில் இருப்பதும் இதே இனம்தான் என்று சொல்லிப் பாருங்கள். மாலையை மறந்துவிடுவார்கள்.

பயமுறுத்தும் புத்தகங்களும் உண்டு, உலகம் அழியப் போகிறது என்ற வகை. பத்து வயதுக்கு அது வேண்டாம்.

மான் கதைகளைப் பற்றி ஒன்று. கோட்டைக்குள் மர நிழலில் இருந்து ஒரு மான் கதை வாசித்தோம். கதையில் மான் அறுகம்புல் மேய்ந்தது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே உண்மையான புள்ளிமான் ஒன்று வந்து, எங்கள் பார்சலில் சோறு சுற்றியிருந்த பிளாஸ்ரிக் தாளை, லஞ்ச் சீற்றை, இழுத்து மெல்லத் தொடங்கிவிட்டது. சோற்று வாசம். ஒரு சிறுமி ஓடிப்போய் மற்ற முனையைப் பிடித்து இழுத்தாள். பாதிதான் வந்தது.

"சேர், மான் இதையும் தின்னும் எண்டு கதையில போடேல்லையே" என்றாள். போடவில்லைதான். அடுத்த கிழமை அவளே ஒரு பக்கம் எழுதிப் படமும் கீறி, அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒட்டினாள். இப்போது அந்தப் பக்கத்துக்காகவே அதை இரவல் கேட்கிறார்கள்.

அப்புறம், அலுமாரி. நான் பார்த்த ஒரு பாடசாலையில் நல்ல பறவைப் புத்தகங்கள் கண்ணாடிக்குப் பின்னால் புதிதாகவே இருந்தன. திறப்பு யாரிடம் என்று கேட்டேன். லீவில் போனவரிடமாம்.