பிளொப்பிப் பெட்டியைக் குப்பையில் போடுமுன்

கணினிக் கோப்புகளைச் சேமிக்க ஒருகாலத்தில் பாவித்த காந்தத் தட்டான பிளொப்பியின் காலம் முடிந்துவிட்டதா என்றால், வீட்டிலும் கந்தோரிலும் அன்றாட வேலைக்கு முடிந்துவிட்டது. ஆப்பிள் 1998இலேயே ஐமேக்கில் பிளொப்பி ட்ரைவ் வைக்கவில்லை, சோனி 2011 மார்ச்சில் ஜப்பானில் பிளொப்பித் தட்டு விற்பனையை நிறுத்தியது. ஒரு தட்டின் 1.44 எம்பிக்குள் இன்றைய கைபேசிப் படம் ஒன்றுகூட அடங்குவது கஷ்டம்.

அதற்காக லாச்சிக்குள் கிடக்கும் பெட்டியை அப்படியே எறிவதுதான் பெரிய தவறு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் எத்தனை வீடுகளில் 90களில் அடித்த உறுதிகள், சங்கக் கூட்ட அறிக்கைகள், மலர்களுக்கு எழுதிய கட்டுரைகள் வேறு பிரதியே இல்லாமல் அதற்குள் கிடக்கின்றன! யூஎஸ்பி பிளொப்பி ட்ரைவ் ஒன்று வாங்கினால் மூன்றரை அங்குலத் தட்டுகளை இப்போதைய விண்டோஸிலும் வாசிக்கலாம். பழைய ஐந்தேகால் அங்குலத்துக்கு அது உதவாது, அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

வாசிக்கும்போது அவசரப்படாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தட்டுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். பிளொப்பியில் ட்ரைவின் தலை தட்டின் மேற்பரப்பைத் தொட்டபடியேதான் வாசிக்கிறது, தட்டு நிமிடத்துக்கு 300 தரம் சுழல்கிறது, ஆகவே பூஞ்சணத் தட்டைப் போட்டால் அதுவும் கீறுப்படும், தலையும் அழுக்காகி அடுத்து போடும் நல்ல தட்டையும் கெடுக்கும். உலோக மூடியை விலக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மூலையிலுள்ள சின்னத் துளையை, வெளிச்சம் தெரியும்படி, திறந்து வையுங்கள். அப்போது அதில் எதுவும் எழுதப்படாது. அப்புறம் "ஃபோர்மட் செய்யவா", அதாவது தட்டை அழித்துப் புதிதாக்கவா, என்று விண்டோஸ் கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் ஆம் என்று சொல்லாதீர்கள். தட்டை வாசிக்க முடியாதபோதும் அது இதையேதான் கேட்கும், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கக்கூடும்.

கோப்பு கணினிக்கு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. நம்மவர்கள் அன்று தமிழ் அடித்தது பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடாதீர்கள், இன்று எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மிகப் பழைய வேர்ட் கோப்பு திறக்க மறுத்தால் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள்.

எம்பிராய்டரி மெஷின் மாதிரி பிளொப்பியே கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் மெஷினை விற்க அவசரப்பட வேண்டாம். ட்ரைவ் இருந்த இடத்தில் பென் ட்ரைவை ஏற்று, மெஷினுக்குப் பிளொப்பி ட்ரைவ் போலவே தெரியும் எமுலேட்டர் என்ற கருவியைப் பொருத்தலாம், வாங்குமுன் உங்கள் மெஷினுக்கு ஒத்துவருமா என்று மட்டும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகு தட்டை எறியலாம். காந்தத்தால் தேய்த்துவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள், பிளாஸ்டிக் உறையைப் பிளந்து உள்ளே இருக்கும் மெல்லிய தட்டைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள்.