பொற்பனைக்கோட்டைக்குப் போகுமுன் திருக்கோகர்ணம் போங்கள்

ஊருக்கு வரும்போது கீழடியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அங்கே கோட்டை கிடையாது. சங்ககாலக் கோட்டையின் மதிலில் ஏறி, அகழியில் இறங்கி நடக்க ஆசை இருந்தால் புதுக்கோட்டைக்குக் கிழக்கே, டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொற்பனைக்கோட்டைக்குத்தான் வர வேண்டும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு வசதி அதிகம், திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டை சாலையில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். சென்னையில் இறங்குகிறவர்கள் இரவு ரயிலில் வரலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நேராகக் கோட்டைக்குப் போனால் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கல் மதில், கொத்தளம், பீரங்கி எதுவும் இல்லை. முள்ளும் மரமும் மண்டிய ஒரு செம்மண் மேடு வட்டமாக வளைந்து போகும், அதன் வெளிப்பக்கம் ஒரு பள்ளம். மேடுதான் மதில், பள்ளம்தான் அகழி. மண்மேட்டின் மேல் செங்கல் சுவர் எழுப்பியிருந்தது அகழாய்வில் தெரிந்தது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோண்டியது, 2023இலும் 2024இலும் மாநிலத் தொல்லியல் துறை. கோட்டைக்குள் அரண்மனைத்திடல் என்று ஊரார் சொல்லும் இடத்தில்தான் செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது, பொன்னில் செய்த சின்னஞ்சிறு மூக்குத்தி ஒன்று, சூதுபவள மணி, எலும்பு முனைக் கருவி எல்லாம் கிடைத்தன. தோண்டும் காலம் முடிந்தால் குழிகளை மூடிவிடுவார்கள், அதனால் திறந்த குழி பார்க்கலாம் என்று நம்பி வராதீர்கள்.

அதனால்தான் முதலில் புதுக்கோட்டையிலேயே திருக்கோகர்ணம் பகுதியில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்கிறேன். 1910இல் தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் தொடங்கியது. மாவட்டத்தின் கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், பழைய ஆயுதங்கள், ஈமத்தாழிகள், பாடம் செய்த விலங்குகள் என்று எல்லாம் கலந்துகட்டி இருக்கும், குழந்தைகளுக்கு விலங்குதான் பிடிக்கும், விட்டுவிடுங்கள். நீங்கள் மட்பாண்டம் இருக்கும் பக்கம் நின்று பாருங்கள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, வாய் ஓரத்தில் இரண்டும் சந்திக்கும் அந்தப் பட்டை. அதைக் கண்ணில் பதித்துக்கொண்டு போனால், மழைநீர் அறுத்த இடத்தில் மேட்டில் தலைநீட்டும் பானை ஓடு வெறும் ஓடாகத் தெரியாது. பொற்பனைக்கோட்டையில் ஆநிரைப் பூசலில் (மாடு கவரும் சண்டையில்) இறந்த வீரனுக்கு நட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து வெட்டிய நடுகல் ஒன்று கிடைத்தது, அதைப் பற்றியும் ஊழியர்களிடம் கேளுங்கள், ஆர்வமாகக் கேட்டால் ஆர்வமாகவே சொல்வார்கள்.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை வந்துதான் பூட்டைப் பார்க்கிறார்கள்.

கோட்டைக்கு ஆட்டோ பேசும்போது காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதற்கும் சேர்த்தே பேசிவிடுங்கள், அங்கே திரும்பி வர வண்டி உடனே கிடைக்காது. ஓட்டுநரிடம் "முனீஸ்வரர் கோயில்" என்றால் போதும், கோட்டையைவிட அந்தக் கோயிலுக்குத்தான் பேர். காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கோயிலுக்குள் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சாமி கும்பிட வந்தவர்கள் இருப்பார்கள்.

அப்புறம், கோட்டையில் கிடக்கும் பானை ஓடுகளை எடுத்துப் பையில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். ஞாபகத்துக்கு ஒன்று என்று சமாதானம் சொல்லிக்கொள்வது நம் ஆட்கள் வழக்கம். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்த ஓட்டுக்கு ஆய்வில் மதிப்பே இல்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் சமணக் குடைவரை ஓவியங்கள் உள்ள சித்தன்னவாசல். அது மத்தியத் தொல்லியல் துறையின் இடம், இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் இந்தியக் கட்டணம்தான், இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அதே. அட்டையை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டு வராதீர்கள்.