கருப்பைவாய்ப் பரிசோதனை: புதிதாக வரும் செவிலியர்கள் செய்யும் தவறுகள்

பயிற்சிக்கு வந்த ஒரு பெண், அதுவரை ஒருமுறைகூடப் பரிசோதனை செய்துகொள்ளாத 52 வயது அம்மாவிடம், "உங்களுக்குத்தான் மாதவிலக்கே நின்றுவிட்டதே, இனி எதற்கு?" என்று கேட்டார். வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படியே கேட்டிருக்கிறேன். கையுறை, கருவி சுத்தம் எல்லாம் எல்லோரும் சொல்லித் தருவார்கள். மற்றதை எழுதுகிறேன்.

முடிவைக் கொண்டு சேர்க்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒருவருக்கு எச்பிவி, அதாவது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமி, பாசிட்டிவ். பதிவேட்டில் இருந்தது கணவரின் எண். இரண்டு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. "தொடர்பு கொள்ள இயலவில்லை" என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரண்டு வருடம் கழித்து அவரே வந்தார், இரத்தப்போக்கோடு. பழைய பதிவேட்டைப் புரட்டினால் என் கையெழுத்து.

இந்தக் கிருமியால் மாறிய செல்கள் புற்றுநோயாகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள். அவர் எங்களிடம் முதலில் வந்தபோதே அதில் எவ்வளவு காலம் கழிந்திருந்ததோ. தடுக்கக் கிடைத்த கடைசி வாய்ப்பை அந்த ஒற்றை வரியில் மூடிவிட்டேன்.

அதனால் பரிசோதனைக்கு வந்தவர் மேசையைவிட்டு இறங்கிப் போவதற்குள் கேளுங்கள்: உங்கள் சொந்த எண் எது? எடுக்காவிட்டால் யாரிடம் பேசலாம்? அவரிடம் விஷயத்தைச் சொல்லலாமா, "வரச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லவா? திரும்பி வரும் தேதியையும் அப்போதே எழுதிக் கொடுங்கள். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயந்தவர் போனை எடுக்கமாட்டார். பாசிட்டிவ் ஆனவர் வெப்பச் சிகிச்சைக்கு (மாறிய செல்களைச் சூட்டால் அழிப்பது) தகுந்த நிலையில் இருந்தால், முடிந்தவரை அன்றைக்கே செய்து அனுப்புங்கள். சில நிமிட வேலைதான்.

நடத்தையை வைத்து ஆபத்தைக் கணிப்பது

வாழ்நாளில் ஒரே துணையோடு இருந்தவருக்கும் எச்பிவி வரலாம். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடுவதுதான் ஆபத்து. 16, 18 என்ற இரண்டு வகைகளே சுமார் 70 சதவீதக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். புகைபிடிப்பது ஆபத்தைக் கூட்டும். எச்ஐவி உள்ள பெண்களுக்கு ஆபத்து ஆறு மடங்கு, அவர்களுக்கு 25 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது இவற்றைத்தான். ஒழுக்கத்தைத் துருவினால் அந்தப் பெண் மறுபடி வரமாட்டார், அவர் தங்கையையும் அனுப்பமாட்டார்.

"தொந்தரவு இல்லையே" என்று அனுப்புவது

தொந்தரவு இல்லாதவருக்கான பரிசோதனைதான் இது.

மாதவிலக்கு நின்றவருக்கு அசிட்டிக் அமிலச் சோதனை

கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் தேடுவது இந்தச் சோதனை. மாதவிலக்கு நின்றவருக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிப்போயிருக்கும். வெள்ளைத் திட்டு கண்ணில் படவில்லை என்பதை வைத்து நெகட்டிவ் என்று எழுதாதீர்கள். எச்பிவி சோதனை எடுங்கள். கால் விரித்துப் படுக்கக் கூச்சமாக இருக்கிறது என்றால், அவரே மறைவாகப் போய் மாதிரி எடுத்துத் தரலாம்.

எச்பிவி தடுப்பூசி போட்டவரை விட்டுவிடுவது

30 வயதானதும் அவரையும் கூப்பிடுங்கள்.