‘சுகம்’ என்று சொல்லிவிடாதீர்கள்

மகன் பிறந்து 12ஆம் நாள், கொக்குவிலில் அம்மா வீட்டில், சரக்குக் கறியும் சோறும் பிசைந்த கையோடு நான் அழத் தொடங்கினேன். மிளகு கூடிப்போச்சோ என்று அம்மா கேட்டார். மிளகு சரியாகத்தான் இருந்தது. அறைக்குள் ஏணையில் பிள்ளை சிணுங்கியது, எனக்கு எழும்ப மனமில்லை.

இப்படி வந்தால் முதலில் நாளை எண்ணுங்கள். பிள்ளை பிறந்து மூன்று, நான்கு நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உள்ளதுதான். ஓமோன்கள் திடீரென்று இறங்குகின்றன, நித்திரையும் இல்லை. இரண்டு கிழமைக்குள் அது தானாக வடிந்துவிடும். அதைத் தாண்டியும் மனம் எழும்பவில்லை, பிள்ளை உறங்கினாலும் உங்களுக்கு நித்திரை வரவில்லை, ‘நான் இருந்து என்ன’ என்றே ஓடுகிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ‘தலைப்பிள்ளைதானே, பழகிவிடும்’ என்ற கதையை நம்பி 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை நான் இழுத்தடித்தேன். நீங்கள் இழுக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியதில் பெரியது நித்திரை. ‘கொஞ்சம் உதவி செய்யுங்கோ’ என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். வேலையையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை அம்மாவின் முறை, பிறகு இவருடையது. பாலுக்கு மட்டும் பிள்ளை என்னிடம் வரும். தோளில் போட்டு ஏவறை எடுப்பது, துணி மாற்றுவது, ஏணை ஆட்டுவது எல்லாம் அவர்கள் பாடு. முதல் இரவு இவர் நாப்பியைப் பின்பக்கம் முன்னாகக் கட்டிவிட்டார். எழும்பிப் போய்த் திருத்தவேண்டும் போலிருந்தது. திருத்தாமல் படுத்திருந்ததுதான் நான் செய்த புத்தியான வேலை.

பார்க்க வருகிறவர்கள் ‘பால் காணுதோ?’ என்று கேட்டே தீருவார்கள். பதில் சொல்வது உங்கள் வேலையல்ல. ‘தாயும் பிள்ளையும் நித்திரை’ என்று படலையடியிலேயே யாராவது சொல்லட்டும்.

ஒன்றில் மட்டும் பொறுமை கூடாது. நித்திரையே இல்லாமல் படபடவென்று கதைப்பது, இல்லாத குரல் கேட்பது, தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடும் எண்ணம் வருவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தாயைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இலங்கையில் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். நூல் கட்டுவதென்றால் பிறகு கட்டலாம். மனநல உதவிக்கு 1926க்கும் எடுக்கலாம்.

மற்றப்படி, உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் (மிட்வைஃப்) தொடங்குவதே சுலபம். படலைக்குள்ளேயே வருகிறவர் அவர்தானே. பிள்ளை பெற்றவரின் மனநிலையைப் பார்க்க, எடின்பரோ அளவுகோல் என்று 1987இல் வந்த 10 கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாள் எப்படியிருந்தது என்று கேட்கும். நோய் இதுதான் என்று அது முடிவு கட்டாது, டொக்டரிடம் போகவேண்டுமா என்று காட்டும். மாது அதைக் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். தன்னைத் தானே வருத்துவது பற்றிய பத்தாவது கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். டொக்டர் இரத்தச்சோகையும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லலாம், அவையும் இப்படிக் களைப்பைத் தரும். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. பயந்து நீங்களாகப் பாலை நிறுத்த வேண்டாம்.

முதல் முறை மாது வந்தபோது மாமி பக்கத்தில் நின்றார். ‘சுகம் மிஸ்’ என்றேன். அடுத்த முறை மாமியைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு, இரவு முழுக்க மனதில் சொல்லிப் பார்த்த வசனத்தைச் சொன்னேன்: ‘மிஸ், எனக்குப் பிள்ளையைத் தூக்கவே மனம் வருதில்லை.’ பிள்ளையை நிறுக்கத் தராசை விரித்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே மடித்து வைத்தார். ‘கதவைச் சாத்திப்போட்டு வந்து இரும் பிள்ளை’ என்றார்.