விழுந்த தேக்கில் அச்சு எடுப்பது எப்படி

2016 டிசம்பர் 12, வர்தா புயலில் எங்கள் கொல்லைத் தேக்கு வேரோடு சாய்ந்தது. தாத்தா வைத்த மரம். அப்படியே விற்றுவிட மனம் வரவில்லை. அடிமரத்தில் இரண்டு அங்குல கனத்துக்கு மூன்று வட்டுகள் அறுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். அதுவரை லினோவில் (அச்சுக்குச் செதுக்கும் மெத்தென்ற தகடு) இலையும் பறவையும் செதுக்கிக்கொண்டிருந்தவள் நான். அதற்குப் பிறகு மரம் தானே எழுதி வைத்த ஆண்டு வளையங்களை அச்செடுப்பதில்தான் ஆசை.

எல்லா மரமும் இதற்கு ஆகாது. தென்னை, பனையில் ஆண்டு வளையமே கிடையாது. தேக்கு கோடையில் இலை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மறுபடி துளிர்க்கும்போது பெரிய துளைகளோடு புதுமரம் வைக்கும். அதனால் கோடு பளிச்சென்று தெரியும்.

வட்டை நிழலில், அடியில் குச்சி கொடுத்து, மாதக்கணக்கில் உலர விடுங்கள். முதல் வட்டை அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். ஒரே வாரத்தில் நடுவரை பிளந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

உலர்ந்ததும் 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேயுங்கள். வாள் கீறல் ஒன்று மிஞ்சினாலும் அச்சில் விழும். பிறகு திறந்தவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு, கேஸ் டார்ச்சால் மேற்பரப்பைக் கருக்குங்கள். மெத்தென்ற பகுதி முதலில் கரியும். கம்பி பிரஷ் போட்டால் அது உதிர்ந்து, கெட்டியான பகுதி வரப்பாக நிற்கும். கண்ணை மூடித் தடவினாலும் வளையம் விரலில் தட்டுப்பட வேண்டும்.

எண்ணெய் மையைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பரப்புங்கள். ரோலர் சரசரவென்று ஓடினால் அளவு சரி. சப்பென்று ஒட்டினால் மை அதிகம், பள்ளத்தில் இறங்கிவிடும். மை ஏறிய ரோலரை வட்டின் மேல் உருட்டுங்கள். அதன் மேலே நேபாளக் கைக்காகிதம் போல நீண்ட நாருள்ள மெல்லிய காகிதம். பிரஸ் தேவையில்லை. எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி.

பட்டையிலிருந்து உள்ளே எண்ணினால் முதல் வளையம் 2016. பதினான்காவது 2003, சென்னை ஏரிகள் வறண்ட காலம். என் வட்டில் அந்தக் கோடும் அடுத்ததும் மயிரிழை நெருக்கம். அங்கே மட்டும் கரண்டியை வைத்துவிட்டு, நகத்தின் முதுகால் மெல்லத் தேய்க்கிறேன். அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.