குறுக்குவில் பழகச் சணல் சாக்கு இலக்கு: வீட்டிலேயே கட்டும் முறை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1 வந்தால் மான் வேட்டைக்கான வில் பருவம் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் கோடை முழுக்கக் குறுக்குவில் (துப்பாக்கி போல விசையை இழுத்து எய்யும் வில், கிராஸ்போ) வைத்திருப்பவர்கள் கொல்லைப்புறத்தில் பழகிக்கொண்டிருப்பார்கள். புதிதாகக் குறுக்குவில் வாங்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) நல்லது என்று. எதில் எய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேரிடம் பதில் இருக்காது. மீதிப் பேர் "ஒரு வைக்கோல் கட்டு போதுமே" என்பார்கள்.

போதாது. நான் எய்த முதல் அம்பு வைக்கோல் கட்டைத் துளைத்து, பின்னால் இருந்த பலகை வேலியையும் துளைத்து, அந்தப் பக்கத்துப் புல்லில் கிடந்தது. மூன்று இறகுகளும் உரிந்துபோயிருந்தன. நல்லவேளை, அங்கே அப்போது யாரும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் வில்லைப் பற்றி எழுதுவதற்கு முன் இலக்கைப் பற்றி எழுதுகிறேன்.

எவ்வளவு வேகத்தை நிறுத்த வேண்டும்?

சாதாரண ரிகர்வ் வில்லில் (கையால் நாணை இழுத்து எய்யும், நுனி வெளிப்பக்கம் வளைந்த வில்) 400 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம் எடையுள்ள அம்பு வினாடிக்கு 170 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 26 அடி-பவுண்டு. அதே எடையுள்ள அம்பு குறுக்குவில்லில் 350 அடி வேகத்தில் போகும்போது 109 ஆகிவிடுகிறது. நாலு மடங்குக்கும் மேல். வில்வித்தை வகுப்பில் பார்த்த இலக்கு இங்கே ஏன் தாங்காது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

அம்பைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. துணியோ நுரையோ அம்பின் தண்டை நாலாபக்கமும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். அம்பு உள்ளே போகப் போக அந்தப் பிடி இறுகி வேகம் குறையும். கெட்டியாக இருந்தால் நிறுத்திவிடும் என்று நினைத்துப் பிளைவுட்டில் எய்தால் அம்பு உடையும், அல்லது பிடுங்கவே முடியாதபடி மாட்டிக்கொள்ளும், சமயத்தில் திரும்பியும் வரும்.

வாங்குவதா, கட்டுவதா?

கடையில் வாங்குவதானால் ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: எத்தனை அடி வேகம் வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா? உங்கள் வில்லின் வேகத்தைவிட அந்த எண் கூடுதலாக இருக்க வேண்டும். பை வகை, அடுக்கு நுரை வகை, கெட்டி நுரை வகை என மூன்று கிடைக்கும். பையிலிருந்து அம்பைப் பிடுங்குவது சுலபம், ஆனால் பிளேடு வைத்த வேட்டை முனை அதற்கு ஆகாது. துணியைக் கிழித்துக்கொண்டு போய் உள்ளே சிக்கிக்கொள்ளும். வேட்டை முனைக்கு நுரைதான். பருவம் தொடங்கும் முன் வேட்டை முனையில் நாலைந்து அம்பு எய்து சரிபார்க்கச் சின்ன நுரை இலக்கு ஒன்று போதும். நூற்றுக்கணக்கில் எய்யும் தினசரிப் பயிற்சிக்கு, சணல் சாக்கில் பழைய துணியைத் திணித்து நாமே கட்டும் சாக்கு இலக்கைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

என்னென்ன வேண்டும்?

காப்பிக்கொட்டை வரும் சணல் சாக்கு இரண்டு. காப்பி வறுத்து விற்கும் சின்னக் கடைகளில் கேட்டால் ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும், சிலர் சும்மாவே தருவார்கள். ஏறக்குறைய 28 அங்குல அகலம், 40 அங்குல நீளம் இருக்கும். அப்புறம் ஒரு கோணி ஊசி, கெட்டியான சணல் நூல், 25 முதல் 30 கிலோ பழைய துணி. இவ்வளவு துணியா என்று மலைக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் ஐந்து வருடத்துப் பழைய டி-ஷர்ட், படுக்கை விரிப்பு, ஜீன்ஸ், துண்டு எல்லாம் சேர்ந்தால் வந்துவிடும். எங்கள் வீட்டு இலக்கின் நடுவில் அப்பாவின் பழைய பருத்தி வேட்டிகள் ஆறு இருக்கின்றன.

படி 1: துணியைச் சுத்தம் செய்வது

இதில் அவசரப்பட வேண்டாம். ஜிப், பட்டன், கொக்கி, ஜீன்ஸ் பையின் மூலையில் இருக்கும் செம்புக் குமிழ் எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். உள்ளே ஒரு உலோகத் துண்டு தங்கினாலும் என்றைக்காவது ஒரு அம்பு அதில் மோதும். கார்பன் தண்டு விரிசல் விட அது ஒன்றே போதும்.

பாலியெஸ்டர் துணியை முடிந்தவரை தவிருங்கள். உராய்வில் அம்பு சூடாகும்போது செயற்கை இழை உருகித் தண்டில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி ஒட்டாது.

படி 2: இடித்து நிரப்புவது

ஒரு சாக்குக்குள் இன்னொன்றை நுழைத்து இரட்டைச் சாக்கு ஆக்குங்கள். அடியில் ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணி. அதன்மேல் துணிகளை விரித்துப் படுக்கையாக, மூலைக்கு மூலை இடைவெளி இல்லாமல் போடுங்கள். சுருட்டிப் போட்டால் சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே சந்து விழும். அம்பு அந்தச் சந்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

அரையடி உயரம் நிரம்பியதும் நாலு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றால் உரலில் இடிக்கிற மாதிரி நன்றாக இடியுங்கள். மறுபடி துணி, மறுபடி இடி. ஒரு ஆளாகச் செய்தால் இரண்டு மணி நேரம் ஆகும், கை விட்டுப்போகும். ஒருவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இடித்தால் நன்றாக இறங்கும். முஷ்டியால் முழு பலத்தோடு அழுத்தினாலும் ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளம் விழக் கூடாது. விழுந்தால் இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள்.

வாயைக் கோணி ஊசியால் இரண்டு வரிசையாகத் தையுங்கள். நிரம்பிய சாக்கு உருண்டு சுமார் 17 அங்குலத் தடிமனும் இரண்டரை அடி உயரமுமாக நிற்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: சாக்கு உருண்டை வடிவம் என்பதால் நடுவில்தான் அந்த 17 அங்குலம். ஓரத்தில் துணி குறைவு. ஆகவே குறிவட்டங்களை நடுக்கோட்டை ஒட்டி மட்டும் வரையுங்கள். நான் மேலிருந்து கீழாக நாலு வட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரே அம்புதான் எய்வேன். 20 கெஜத்தில் ஸ்கோப் சரியாகிவிட்டால் இரண்டாவது அம்பு முதல் அம்பின் பின்முனையிலேயே போய்க் குத்தும். இரண்டும் வீண்.

படி 3: நிறுத்தும் இடம்

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். குறி தவறிய அம்பு நூற்றுக்கணக்கான கெஜம் போகும். ஓர் ஆள் உயர மண்மேடு, கல் பொறுக்கியது, இலக்கின் இரண்டு பக்கமும் தாராளமாக நீண்டது, அது வேண்டும். மரவேலியை நம்பாதீர்கள். அது என்ன செய்யும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். மேடு இல்லாத நகர்ப்புறக் கொல்லையில் குறுக்குவில் பழகவே வேண்டாம், பக்கத்தில் இருக்கும் வில்வித்தை மைதானத்துக்குப் போய்விடுங்கள். வீட்டில் எய்ய உங்கள் ஊரில் அனுமதி உண்டா என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குக் கட்டை, அதிலிருந்து கயிறு. சாக்கின் அடி ஒரு மரத்தட்டின் மேல் லேசாக உட்கார வேண்டும். முழுக்கத் தொங்கவிட்டால் ஆடும், வெறுமனே தரையில் வைத்தால் ஈரம் ஏறும். தூண்கள் சாக்கிலிருந்து இரண்டு பக்கமும் ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும்.

படி 4: முதல் அம்பு

பயிற்சி முனை (பிளேடு இல்லாத சாதாரண முனை) மாட்டிய அம்பு. தூரம் 10 கெஜம். இது குறி பார்க்க இல்லை, சாக்கு தாங்குகிறதா என்று பார்க்க. நடுவட்டத்தில் ஒன்று எய்துவிட்டு, வில்லைக் கீழே வைத்துவிட்டு அருகில் போய்ப் பாருங்கள். 20 அங்குல அம்பில் பத்துப் பன்னிரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தால் அருமை. பின்பக்கச் சாக்கைக் கையால் தடவும்போது முனை தட்டுப்பட்டால் தையலைப் பிரித்து இன்னும் துணி திணியுங்கள்.

பிடுங்குவதற்கும் முறை உண்டு. உங்கள் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அம்பு சட்டென்று வந்தால் பின்முனை கண்ணில் குத்தும். குழந்தைகள் ஆசையாக ஓடிவந்து சரியாக அங்கேதான் நிற்பார்கள். ஒரு உள்ளங்கையைத் தண்டுக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் வைத்து அழுத்துங்கள். மறுகையால் தண்டை, சாக்கை ஒட்டினாற்போல ரப்பர் பிடியால் பிடித்து, போன வழியே நேராக இழுங்கள். மேலும் கீழும் ஆட்ட வேண்டாம். திருகவும் வேண்டாம். திருகினால் முனை மரை கழன்று உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் ஜிப்பைப் பொறுக்கி எடுத்ததற்கே அர்த்தம் இல்லை. ரொம்ப இறுக்கமாக இருந்தால், எய்வதற்கு முன் தண்டின் முன்பாதியில் சோப்புக் கட்டியை லேசாகத் தேயுங்கள்.

பிடுங்கிய ஒவ்வொரு அம்பையும் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு நொறுங்கல் சத்தம் கேட்டாலும் அதை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு வில்லிலிருந்து கிளம்பும்போதே சிதறிக் கையைக் கிழிக்கும்.

பயிற்சி முடியும்போது வில்லின் நாண் இழுத்து ஏற்றியபடி இருந்தால் அம்பில்லாமல் விசையை இழுக்காதீர்கள். வில்லின் கைகளும் நாணும் நாசமாகும், எய்பவருக்கும் அடிபடும். பழைய அம்பு ஒன்றை வைத்து இதே சாக்கில் எய்து இறக்கிவிடுங்கள். சில புது மாடல்களில் கைப்பிடியைச் சுழற்றியே நாணை இறக்கலாம். உங்கள் வில்லின் கையேட்டைப் பாருங்கள்.

பராமரிப்பு

மழையில் விடாதீர்கள், சணல் மக்கிவிடும். எங்கள் ஊர்க் குளிரில் நனைந்த சாக்கு இரவோடு இரவாக உறைந்து கல்லாகிவிடும். அதில் எய்தால் அம்பு உடையும் அல்லது துள்ளும். நவம்பர் பிறந்ததும் நான் சாக்கை காரேஜில் மரத்தட்டோடு ஏற்றிவிடுவேன்.

சில நூறு அம்புகளுக்குப் பிறகு நடுப்பகுதி தளர ஆரம்பிக்கும். அம்பு வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் ஆழமாகப் போவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். அப்போது சாக்கைப் பக்கவாட்டில் கால் சுற்று திருப்பி வைத்துப் புது வட்டம் வரையுங்கள். நாலு பக்கமும் தீர்ந்தபின் தையலைப் பிரித்து, வெளிச்சாக்கை மாற்றி, ஐந்தாறு கிலோ புதுத் துணி சேர்த்து மறுபடி இடித்துத் தைத்துவிடலாம். எங்கள் வேட்டிச் சாக்கு இப்படி மூன்றாவது கோடையில் நிற்கிறது.